மெண்டல்: தேர்வில் தோற்ற துறவி, உயிர்களின் பொதுக் கணக்கைக் கண்டுபிடித்தது எப்படி?

அம்மாவுக்கு ஏ பாசிட்டிவ். அப்பாவுக்கு பி பாசிட்டிவ். பிறந்த குழந்தையின் ரத்தப் பிரிவு அட்டையிலோ ஓ பாசிட்டிவ். லேப்ல மாத்திட்டாங்களோ, ஒருவேளை குழந்தையே மாறிடுச்சோ என்று வீட்டில் ஒரு பதற்றம் தொடங்கும். சில வீடுகளில் அது சந்தேகமாகவும் மாறும்.

டாக்டரிடம் கேட்டால், இது ரொம்ப சாதாரணம் என்பார். ஏ பிரிவு அம்மாவுக்கும் பி பிரிவு அப்பாவுக்கும் ஓ பிரிவில் குழந்தை பிறக்கலாம். ஏன் பிறக்கலாம் என்பதற்கான கணக்கை 160 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் போட்டு வைத்துவிட்டார். ரத்தத்தை வைத்து அல்ல, பட்டாணியை வைத்து.

அவர்தான் கிரிகோர் மெண்டல். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் நெட்டைச் செடி, குட்டைச் செடி, 3:1 என்று படித்தது ஞாபகம் வருகிறதா? பெயரைக் கேட்டதும் கடைசி பெஞ்சில் சிரிப்புச் சத்தம் கேட்குமே, அதே மெண்டல்தான். மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துபோன அந்தப் பாடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வாழ்க்கை இருக்கிறது. தன் கண்டுபிடிப்பு ஜெயித்ததைப் பார்க்காமலேயே இறந்துபோன மனிதரின் வாழ்க்கை அது.

விவசாயி வீட்டுப் பையன்

1822 ஜூலையில், அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் ஹின்சிட்சே என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். இப்போது அந்த ஊர் செக் குடியரசில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் யோஹான். அப்பா அன்டோன் விவசாயி. சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தாலும், வாரத்தில் சில நாள்கள் நிலப்பிரபுவின் நிலத்தில் கூலி இல்லாமல் உழைத்தாக வேண்டும். அந்தக் கால வழக்கம் அது. யோஹானுக்கு ஒரு அக்கா வெரோனிகா, ஒரு தங்கை தெரேசியா.

பையன் நன்றாகப் படிக்கிறான் என்று ஊர்ப் பள்ளியில் கண்டுகொண்டார்கள். வெளியூர் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆனால் 1838-ல் காட்டில் வேலை செய்தபோது அப்பாவின் மேல் மரம் விழுந்தது. அதன்பின் அவரால் பழையபடி உழைக்க முடியவில்லை. வீட்டிலிருந்து வந்த பணம் நின்றது. 16 வயதுப் பையன் டியூஷன் எடுத்து, அரை வயிறு சாப்பிட்டுப் படித்தான். உடம்பு படுத்துப் பல மாதங்கள் வீட்டிலேயே கிடந்ததும் உண்டு.

கடைசியில் அப்பா, நிலத்தை மூத்த மகளின் கணவருக்கு விற்றார். தங்கை தெரேசியா, தன் கல்யாணத்துக்காக ஒதுக்கியிருந்த சீதனப் பணத்தில் ஒரு பகுதியை அண்ணன் படிப்புக்குக் கொடுத்தார். அண்ணன் அதை மறக்கவில்லை. பிற்காலத்தில் தெரேசியாவின் மூன்று மகன்களின் படிப்புக்கும் அவர் உதவினார். அவர்களில் இரண்டு பேர் டாக்டர்கள் ஆனார்கள்.

படிக்க வழி: மடம்

தங்கையின் பணத்தில் இரண்டு ஆண்டுகள் ஓடின. அடுத்து என்ன? பல்கலைக்கழகம் போக வசதி இல்லை. சாப்பாட்டுக் கவலை இல்லாமல் படிக்க வேண்டும் என்றால், அன்றைக்கு ஏழைப் பையனுக்கு இருந்த ஒரே வழி துறவியாவது. இயற்பியல் ஆசிரியர் ஒருவர் பரிந்துரைக்க, 1843-ல் பிர்னோ நகரில் இருந்த புனித தோமையார் மடத்தில் சேர்ந்தார். மடத்தில் கொடுத்த பெயர்தான் கிரிகோர்.

மடம் என்றதும் ஜெபமும் மௌனமும் மட்டும் நினைவுக்கு வரலாம். அந்த மடம் வேறு மாதிரி. பெரிய நூலகம் இருந்தது. துறவிகள் பள்ளிகளில் பாடம் நடத்தினார்கள், தாவரங்களை ஆராய்ந்தார்கள், இசையமைத்தார்கள். மடத்தின் தலைவர் சிரில் நாப், ஆடு வளர்ப்பிலும் பழமர வளர்ப்பிலும் ஆர்வம் உள்ளவர். பிர்னோ அப்போது கம்பளித் தொழில் நகரம். நல்ல கம்பளி தரும் ஆட்டின் குணம் குட்டிக்கு எப்படிப் போகிறது என்பது அங்கே காசு சம்பந்தப்பட்ட கேள்வி. வாழ்நாள் முழுக்க மெண்டல் துரத்திய கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான்.

இரண்டு முறை நழுவிய தேர்வு

1847-ல் குருப்பட்டம் கிடைத்தது. நோயாளிகளைப் போய்ப் பார்த்து ஆறுதல் சொல்வது பங்கு குருவின் கடமை. மெண்டலால் அது முடியவில்லை. வலியில் துடிப்பவர்களைப் பார்த்தால் அவருக்கே உடம்பு சரியில்லாமல் போய்விடும். இதைப் புரிந்துகொண்ட நாப், அவரை ஸ்னோய்மோ ஊரில் தற்காலிக ஆசிரியராக அனுப்பினார். பாடம் எடுப்பதில் ஆள் கெட்டிக்காரர். மாணவர்களுக்கும் பிடித்துப்போனது.

நிரந்தர ஆசிரியராக வேண்டுமென்றால் தகுதித் தேர்வு எழுத வேண்டும். 1850-ல் எழுதினார். ஃபெயில். எதில் தெரியுமா? விலங்கியலும் நிலவியலும் அடங்கிய இயற்கை வரலாற்றில். பின்னாளில் உயிரியலையே மாற்றப்போகிறவர், உயிரியல் பக்கம்தான் கோட்டை விட்டார். முறையாகப் பல்கலைக்கழகத்தில் படிக்காததுதான் முக்கியக் காரணம்.

அந்தத் தோல்வியால் ஒரு நல்லது நடந்தது. ஆளுக்குத் திறமை இருக்கிறது, பயிற்சிதான் இல்லை என்று புரிந்துகொண்ட நாப், மடத்துச் செலவில் அவரை வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 1851 முதல் 1853 வரை அங்கே படிப்பு. இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர் டாப்ளர் விளைவுக்குப் பெயர் தந்த கிறிஸ்டியன் டாப்ளர். எட்டிங்ஸ்ஹவுசனிடம் இயற்பியலோடு சேர்மானக் கணக்கின் வழிகளையும் கற்றார். ஃபிரான்ஸ் உங்கர் தாவரவியல் நடத்தினார். ஒரு சோதனையை எப்படித் திட்டமிடுவது, கிடைத்த எண்களை எப்படிப் படிப்பது என்ற பழக்கம் இங்கேதான் அவருக்கு வந்தது.

திரும்பி வந்து பிர்னோவில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1856-ல் மறுபடியும் தகுதித் தேர்வுக்குப் போனார். இந்த முறை உடல்நலம் கெட்டு, தேர்வை முடிக்காமலே ஊர் திரும்பினார். கடைசிவரை அவர் நிரந்தர ஆசிரியர் ஆகவே இல்லை. ஆனால் அதே 1856-ல்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிக் கலப்புகளைத் தொடங்கினார்.

ஏன் பட்டாணி?

பட்டாணி மலிவு, சீக்கிரம் வளரும், நிறைய விதை தரும். முக்கியமான காரணம் பூவின் அமைப்பு. பட்டாணிப் பூ மூடியபடி இருக்கும், தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். வெளியிலிருந்து வேறு மகரந்தம் வந்து கணக்கைக் குழப்பாது. கலப்பு வேண்டுமென்றால் மொட்டைப் பிரித்து, மகரந்தத்தாள்களை முன்கூட்டியே இடுக்கியால் எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். யாருக்கும் யாருக்கும் பிறந்த விதை இது என்று சந்தேகமே இல்லாமல் சொல்லலாம்.

விதை வியாபாரிகளிடமிருந்து 34 ரகங்களை வாங்கினார். உடனே சோதனையில் இறங்கவில்லை. நெட்டை நெட்டையாகவே வருகிறதா, பச்சை பச்சையாகவே வருகிறதா என்று இரண்டு ஆண்டுகள் பயிரிட்டுப் பார்த்துவிட்டு, 22 ரகங்களை வைத்துக்கொண்டார். கவனிக்க ஏழு பண்புகளைத் தேர்ந்தெடுத்தார்: விதையின் வடிவம், விதையின் நிறம், பூவின் நிறம், காயின் வடிவம், காயின் நிறம், பூ வரும் இடம், செடியின் உயரம். ஏழிலுமே இதுவா அதுவா என்று இரண்டில் ஒன்றாகப் பிரிக்க முடியும்.

தோட்டம் சுமார் 35 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். அவ்வளவுதான் இடம். அதில் எட்டு ஆண்டுகள், ஏறத்தாழ 28,000 செடிகள்.

எண்ணிப் பார்த்த ஆள்

உருண்டை விதை ரகத்தையும் சுருங்கிய விதை ரகத்தையும் கலந்தார். கிடைத்த விதைகள் எல்லாமே உருண்டை. பாதி சுருங்கியதாக ஒன்றுகூட இல்லை. சுருக்கம் காணாமலே போய்விட்டது.

அந்த உருண்டை விதைகளை விதைத்து, தானாகக் காய்க்க விட்டார். அடுத்த தலைமுறையில் கிடைத்தவை 7,324 விதைகள். 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. காணாமல் போன சுருக்கம் கொஞ்சமும் மாறாமல் திரும்பி வந்திருந்தது. நிறத்தைப் பார்த்தார்: 6,022 மஞ்சள், 2,001 பச்சை. உயரத்தைப் பார்த்தார்: 787 நெட்டை, 277 குட்டை. எல்லாவற்றிலும் ஏறக்குறைய 3:1.

மெண்டலுக்கு முன்பும் தாவரக் கலப்பு செய்தவர்கள் உண்டு. மறைந்த பண்பு திரும்பி வருவதையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இத்தனை ஆயிரம் விதைகளை உட்கார்ந்து எண்ணி, அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன விதி என்று கேட்டவர் இவர்தான்.

அவர் சொன்ன விளக்கம் இது. ஒவ்வொரு பண்புக்கும் செடிக்குள் இரண்டு காரணிகள் இருக்கின்றன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. அடுத்த தலைமுறைக்குப் போகும்போது இரண்டும் பிரிந்து, ஏதாவது ஒன்றுதான் போகும். எது போகும் என்பது காசைச் சுண்டிப் போடுவது மாதிரி.

இரண்டு காசுகளைச் சேர்த்துச் சுண்டுங்கள். தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்று நான்கு வாய்ப்புகள். ஒரு தலை இருந்தாலே உருண்டை என்று வைத்துக்கொண்டால், நான்கில் மூன்று உருண்டை. இரண்டுமே பூவாக விழும் ஒன்று மட்டும் சுருக்கம். அதுதான் 3:1. வெளியே தெரிவது ஓங்கு பண்பு, மறைந்திருப்பது ஒடுங்கு பண்பு.

இந்த விளக்கம் சரியென்றால் இன்னொன்றும் நடக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் உருண்டை விதைகளில் மூன்றில் ஒரு பங்கு அசல் உருண்டை, மூன்றில் இரண்டு பங்கு சுருக்கத்தை உள்ளே ஒளித்து வைத்திருப்பவை. சரிபார்க்க 565 செடிகளை வளர்த்தார். 193 செடிகள் உருண்டை மட்டுமே தந்தன. 372 செடிகள் இரண்டையும் தந்தன. கணக்கு பொருந்தியது.

அப்படி என்ன பெரிய விஷயம்?

அந்தக் காலத்தில் பெரும்பாலானோர் நம்பியது வேறு. அப்பாவும் அம்மாவும் இரண்டு நிற பெயின்ட் மாதிரி, குழந்தை அந்தக் கலவை என்று நினைத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. பெயின்டைக் கலந்துகொண்டே போனால் கடைசியில் எல்லாம் ஒரே நிறம் ஆகிவிடும். உயிர்களும் சில தலைமுறைகளில் ஒரே மாதிரி ஆகியிருக்க வேண்டுமே?

இந்தக் கேள்வி சார்லஸ் டார்வினைப் படாத பாடு படுத்தியது. 1859-ல் அவர் இயற்கைத் தேர்வுக் கொள்கையை வெளியிட்டார். உயிர்களில் சின்னச் சின்ன வேறுபாடுகள் தோன்றும், சூழலுக்குப் பொருந்துபவை நிலைக்கும், அதிலிருந்து புதிய இனங்கள் உருவாகும் என்றார். ஆனால் தோன்றும் நல்ல வேறுபாடு அடுத்தடுத்த தலைமுறைகளில் கரைந்து போய்விடாதா? 1867-ல் ஃபிளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் இதையே பிடித்துக்கொண்டு கேட்டார். டார்வினிடம் உறுதியான பதில் இல்லை.

பதில் பிர்னோவில் இருந்தது. பண்புகள் கரைவதில்லை. தனித்தனிக் காரணிகளாகத் தலைமுறை தாண்டி முழுசாகப் போகின்றன. டார்வின் புத்தகத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை மெண்டல் படித்து, ஓரத்தில் குறியும் போட்டு வைத்திருந்தார். மெண்டலின் கட்டுரையை டார்வின் படித்ததற்கு ஆதாரம் இல்லை. டார்வினே ஒருவகைப் பூச்செடியைக் கலந்து பார்த்திருக்கிறார். வழக்கமான பூ 88 செடிகளில், மாறுபட்ட வடிவப் பூ 37 செடிகளில், இடைப்பட்டவை இரண்டில். 3:1-க்குப் பக்கத்தில் வந்த எண். அவர் அதை அப்படியே கடந்துபோனார்.

யாரும் கேட்காத பேச்சு

1865 பிப்ரவரி 8, மார்ச் 8. இந்த இரண்டு நாள்களில் பிர்னோ இயற்கை அறிவியல் சங்கத்தில் மெண்டல் தன் முடிவுகளைப் படித்தார். 1866-ல் சங்கத்தின் இதழில் கட்டுரையாக வெளியானது. இதழ் ஐரோப்பாவின் பல நூலகங்களுக்குப் போனது. கூடுதலாக 40 பிரதிகள் அச்சிட்டு வாங்கி, அறிஞர்கள் சிலருக்கு அனுப்பினார். ஆனால் சலசலப்பு எதுவும் இல்லை.

ஏன்? அன்றைய தாவரவியல் கட்டுரைகளில் இந்த மாதிரிக் கணக்கு இருக்காது. படித்தவர்களும் இதைத் தாவரக் கலப்பு பற்றிய இன்னொரு கட்டுரை என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காரணிகள் செல்லுக்குள் எங்கே இருக்கின்றன என்று காட்ட அன்றைக்கு வழியும் இல்லை. குரோமோசோம்களின் நடமாட்டம் தெளிவாகத் தெரியவே இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

பதில் எழுதிய பெரிய ஆள் ஒருவர் உண்டு. மியூனிக்கில் இருந்த தாவரவியல் பேராசிரியர் கார்ல் நேகெலி. 1866 முதல் 1873 வரை இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. நேகெலிக்குப் பட்டாணி முடிவுகளில் பெரிய நம்பிக்கை வரவில்லை. தான் ஆராய்ந்துகொண்டிருந்த ஹைராசியம் என்ற செடியில் மெண்டல் ஈடுபட்டார். பொடிப் பூக்கள். இடுக்கியோடு குனிந்து குனிந்து மெண்டலின் கண்கள் களைத்துப்போயின. முடிவோ பட்டாணிக்கு நேர் எதிர். பிள்ளைச் செடிகள் அடுத்தடுத்த தலைமுறைகளில் தாய்ச் செடி போலவே இருந்தன.

காரணம் பிற்காலத்தில்தான் தெரிந்தது. ஹைராசியம் பல நேரங்களில் மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் விதை உண்டாக்கும். அதாவது தாயின் நகல். மரபு விதியைச் சோதிக்கப் பொருத்தமே இல்லாத செடி அது. தன் விதி எல்லா உயிர்களுக்கும் பொருந்துமா என்று தெரிந்துகொள்ள மெண்டல் எடுத்த பெரிய முயற்சி, அவர் குற்றமே இல்லாமல் தடம் மாறிப் போனது.

மடத் தலைவர்

நாப் இறந்த பிறகு, 1868-ல் மெண்டல் மடத்தின் தலைவர் ஆனார். நிர்வாக வேலை குவிந்தது. ஆராய்ச்சி மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. ஆனாலும் சும்மா இருக்கவில்லை. தேனீ வளர்த்தார். தினமும் வெப்பநிலையும் மழையும் குறித்து வைத்தார். 1870-ல் பிர்னோவைத் தாக்கிய சூறாவளியைப் பற்றிக் கட்டுரை எழுதினார். உள்ளூரில் பலருக்கு அவர் வானிலை பார்க்கும் சாமியாராகத்தான் தெரிந்தார்.

1874-ல் மடங்களின் சொத்து மீது அரசு புது வரி போட்டது. அநியாயம் என்று சொல்லிக் கட்ட மறுத்தார். மற்ற மடங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தபோதும் அவர் இறங்கவில்லை. கடைசி பத்து ஆண்டுகள் இந்தச் சண்டையிலேயே கழிந்தன.

1884 ஜனவரி 6 அன்று, சிறுநீரக நோயால், 61 வயதில் இறந்தார். இறுதிச் சடங்கில் இசையை நடத்தியவர் பிற்காலத்தில் புகழ்பெற்ற இசையமைப்பாளர் லியோஷ் யானாச்செக். அதே 1884-ல் நேகெலி மரபு பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் மெண்டலின் பட்டாணிச் சோதனை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மெண்டலின் கையெழுத்துக் குறிப்புகளில் பெரும்பகுதி மடத்திலேயே எரிக்கப்பட்டுவிட்டது.

16 ஆண்டுகள் கழித்து

1900. நெதர்லாந்தில் ஹியூகோ டி வ்ரீஸ், ஜெர்மனியில் கார்ல் கோரென்ஸ், ஆஸ்திரியாவில் எரிக் வான் ஷெர்மாக் என மூன்று பேர், ஒரே ஆண்டில், தங்கள் தாவரக் கலப்பு முடிவுகளை வெளியிட்டார்கள். பழைய கட்டுரைகளைத் தேடியபோது, 34 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதை எழுதிவிட்டார் என்பது தெரிந்தது. இதில் கோரென்ஸ், நேகெலியிடம் படித்தவர்.

இங்கிலாந்தில் வில்லியம் பேட்சன் மெண்டலுக்காகக் கொடி பிடித்தார். மரபியல் துறைக்கு இன்று உலகம் பயன்படுத்தும் ஜெனடிக்ஸ் என்ற பெயரை 1905-ல் வைத்தவர் அவரே. மெண்டலின் காரணிகளுக்கு 1909-ல் ஜீன் என்று பெயர் வைத்தவர் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன்.

ஒரு சர்ச்சையும் உண்டு. மெண்டலின் எண்கள் 3:1-க்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பது புள்ளியியல்படி சந்தேகமானது என்று 1936-ல் ரொனால்ட் ஃபிஷர் எழுதினார். வேண்டுமென்றே மாற்றினாரா, உதவியாளர் செய்தாரா, அல்லது ஃபிஷரின் கணக்கு அதிகக் கறாரா என்று விவாதம் பல பத்தாண்டுகள் நடந்தது. ஆனால் விதி சரியா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்குள் எத்தனையோ ஆய்வகங்களில், பல உயிரினங்களில் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

பட்டாணியும் நீங்களும்

சரி, முதலில் பார்த்த ரத்தப் பிரிவுக்கு வருவோம்.

மெண்டலின் சுருங்கிய பட்டாணியில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது 1990-ல் தெரியவந்தது. ஸ்டார்ச் தயாரிப்பில் உதவும் ஒரு நொதிக்கான ஜீன் அதில் பழுதாகியிருக்கிறது. அதனால் விதையில் ஸ்டார்ச் குறைந்து சர்க்கரை சேர்கிறது. சர்க்கரை தண்ணீரை இழுக்கிறது. விதை காயும்போது அந்தத் தண்ணீர் போய்விட, தோல் சுருங்குகிறது. ஒரே ஒரு நல்ல ஜீன் இருந்தாலும் போதுமான நொதி கிடைத்துவிடும், விதை உருண்டையாகவே இருக்கும். பழுதான ஜீன் உள்ளே இருந்தாலும் வெளியே தெரியாது.

ரத்தப் பிரிவிலும் அதே கதைதான். ஏ ஜீன், பி ஜீன் இரண்டும் சிவப்பணுக்களின் மேல் ஒருவகைச் சர்க்கரையைப் பொருத்தும் நொதிகளைத் தயாரிக்கின்றன. ஓ ஜீனிலிருந்து வேலை செய்யும் நொதி வருவதில்லை. அதனால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, சர்க்கரை சேராது, அவ்வளவுதான். அம்மாவிடம் ஏ-வும் ஓ-வும், அப்பாவிடம் பி-யும் ஓ-வும் இருக்கலாம். அட்டையில் ஏ, பி என்றுதான் வரும். இருவரிடமிருந்தும் ஓ ஜீன் போனால் குழந்தை ஓ பிரிவு. நான்கில் ஒரு வாய்ப்பு.

பட்டாணியின் சுருக்கமும் குழந்தையின் ரத்தப் பிரிவும் ஒரே கணக்கில் நடப்பது எப்படி? இரண்டுக்கும் ஒரே டிஎன்ஏ, அதைப் படிக்க ஏறக்குறைய ஒரே குறியீடு. இரண்டின் உடலும் செல்களால் ஆனது. பாலணு உருவாகும்போது ஜோடியாக இருக்கும் குரோமோசோம்கள் பிரிந்து, ஒன்று மட்டும் போவதும் இரண்டிலும் ஒன்றே. தாவரமும் விலங்கும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து வந்தவை என்பதால், இந்த ஏற்பாட்டை இரண்டுமே அப்படியே வைத்திருக்கின்றன. டார்வின் சொன்ன பொது வம்சமும் மெண்டல் சொன்ன காரணிகளும் சேரும் இடம் இதுதான். இன்றைய உயிரியலே இந்த அடித்தளத்தின் மேல் நிற்கிறது.

இது வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. நீலகிரியின் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் ரத்தசோகைக்கான ஜீன் இருப்பதை 1952-ல் கண்டறிந்தார்கள். இந்தியாவில் அது முதன்முதலாகப் பதிவானது அப்போதுதான். அந்த ஜீன் ஒன்று மட்டும் உள்ளவருக்குப் பொதுவாக நோய் வராது. கணவன், மனைவி இருவரிடமும் தலா ஒன்று இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு நோய்க்கு உண்டு. அதே 3:1. ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றுக்கு வராது என்று நினைப்பது தப்பு. ஒவ்வொரு முறையும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது. 2023-ல் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதனையோடு திருமணத்துக்கு முந்தைய ஆலோசனையும் சேர்ந்திருப்பது இதனால்தான்.

எல்லாப் பண்பும் இப்படி எளிதாக வராது. மனிதரின் உயரமும் தோல் நிறமும் பல ஜீன்களும் சூழலும் சேர்ந்து முடிவாவது. அதனால்தான் அவை பெயின்ட் கலந்த மாதிரி தெரிகின்றன. அங்கேயும் ஒவ்வொரு ஜீனும் தனித்தனியாக, கரையாமல்தான் போகிறது. இன்னொன்று, ஓங்கு என்றால் உசத்தி என்றோ, ஒடுங்கு என்றால் மட்டம் என்றோ அர்த்தம் இல்லை. ஓ பிரிவு ரத்தத்துக்கு மருத்துவமனைகளில் இருக்கும் கிராக்கியே அதற்குச் சாட்சி.

கடைசியாக ஒரு சோதனை

2022-ல் மெண்டலின் 200-வது பிறந்த ஆண்டு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பிர்னோ மயானத்தில் மடத்துத் துறவிகளின் கல்லறையைத் திறந்து, அவருடைய எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுத்தார்கள். அவர் பயன்படுத்திய பொருள்களில் ஒட்டியிருந்த டிஎன்ஏ தடயங்களோடு ஒப்பிட்டு, அது அவர்தான் என்று உறுதி செய்தார்கள்.

படித்துப் பார்த்ததில் இதய நோய், சிறுநீரக நோய் போன்றவற்றோடு தொடர்புடைய ஜீன் மாற்றங்கள் தெரிந்தன. அவர் இறந்தது சிறுநீரக நோயால்தான். காரணிகள் இருக்கின்றன என்று விதைகளை எண்ணியே சொன்னவர், அவற்றில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. 137 ஆண்டுகள் கழித்து, அவருடைய காரணிகளையே மற்றவர்கள் எழுத்து எழுத்தாகப் படித்தார்கள்.

பிர்னோவில் அந்த மடம் இன்றும் இருக்கிறது, மெண்டல் பெயரில் அருங்காட்சியகமும் அங்கே உண்டு. அடுத்த முறை வீட்டில் ரத்தப் பிரிவு குழப்பம் வந்தால், யாரையும் சந்தேகப்படும் முன் ஒரு தாளில் அந்த நான்கு கட்டங்களைப் போட்டுப் பாருங்கள். தேவைப்பட்டால் டாக்டரிடமும் கேளுங்கள். பெரும்பாலும் பதில் அந்தக் கட்டங்களிலேயே இருக்கும்.